எல்விஸ் சாகவில்லை

துபாயில் சோனாப்பூர் லேபர் கேம்ப்பிலிருந்து கட்டட சைட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அன்றைக்கும் அதே சண்டைதான். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று டிரைவர் செய்கு முகம்மது அடித்துச் சொன்னார்.

"தாடி வச்சிக்கிட்டு ஏதோ தீவுல இருக்காராம்பா. பேப்பர்லயே போட்டுருந்தான்."

"எழுபத்தேழு ஆகஸ்ட்லயே போய்ச் சேந்துட்டாரு பாய். நீங்க பாட்டுக்குத் தாடி வளத்து விடாதீங்க" என்றான் சோலையப்பன்.

"அப்ப அந்தக் கறுகறு முடி?"

"அதுவும் சாயம்."

பஸ்ஸே சிரித்தது.

சோலையப்பன் பொன்மலையை ஒட்டிய கிராமத்துக்காரன். அவன் அம்மா வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர் வீட்டில் எல்விஸ் ரெக்கார்டு ஓடிக்கொண்டே இருக்குமாம். சோலையப்பனுக்குப் பாட்டின் அர்த்தம் தெரியாது. எங்கே மூச்சை இழுக்க வேண்டும், எங்கே இடுப்பை ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியும். அந்தப் பாடகரைப் பற்றிய புரளிகளை உடைப்பதில் அவனுக்கு ஒரு குஷி. வெள்ளிக்கிழமை போனில் மனைவி மீனாம்பாளிடமும் அதே விளையாட்டுதான். அவன் ஒன்று சொல்வான். நெசமா புளுகா என்று அவள் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தோற்பாள். அவள் சிரிப்பது பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் மணிமாறனுக்குக்கூடக் கேட்கும்.

சண்டை முடிந்ததும் சோலையப்பன் ஒரு பாட்டை எடுத்து, பாதியிலேயே விட்டுவிட்டு, மணிமாறன் மேல் சாய்ந்தான். அசதியில் தூங்குகிறான் என்று மணிமாறன் வழியெல்லாம் தோளை அசைக்காமல் வைத்திருந்தான். சைட் வந்து எழுப்பியபோது சோலையப்பன் எழவில்லை.

கேம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் இறந்தால் வீட்டில் பெண்களிடம் உடனே சொல்ல மாட்டார்கள். அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்பார்கள். தூதரகப் பேப்பரெல்லாம் முடிந்து உடம்பு விமானம் ஏறும்போதுதான் உண்மை. அதுவரைக்குமாவது பெண்டாட்டி பிள்ளைகள் சோறு தின்னட்டும் என்கிற கருணை. ஊரில் சோலையப்பனின் தம்பிக்கு மட்டும் தெரியும். மீனாம்பாளிடம் பேசும் வேலை மணிமாறன் தலையில் விழுந்தது.

முதலில் மயக்கம் தெளியவில்லை என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை கண் திறந்தார் என்றான். பிறகு கஞ்சி குடித்தார். சொல்லச் சொல்ல அவனுக்கே ஆறுதலாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. "பாடுனாரா தம்பி?" என்று அவள் கேட்டபோது, "நர்ஸுங்கல்லாம் கூடி நின்னு கேட்டாங்க அண்ணி" என்று வாய் தானாகச் சொன்னது.

அதற்கடுத்த முறை பேசியபோது அவள் குரல் துள்ளியது.

"வந்தா அவரால படியேற முடியாதுல்ல? வாசப்படிய இடிச்சுச் சரிவாக்கச் சொல்லிட்டேன். கொத்தனாரு வந்துட்டாரு."

எதிர்க் கட்டிலில் இருந்த செய்கு முகம்மது, சொல்லிவிட வேண்டாம் என்று கையை ஆட்டினார். மணிமாறன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இடிக்க வேணாம்னு சொல்லுங்க அண்ணி."

"ஏந்தம்பி?"

"அண்ணன் இல்ல. அன்னைக்கே போயிட்டாரு."

உளிச் சத்தம் மட்டும் கேட்டது. "நிறுத்துங்கண்ணே" என்று அவள் சொல்ல, அதுவும் நின்றது. பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

"கஞ்சி குடிச்சது?"

"பொய்."

"நர்ஸுங்க?"

"பொய் அண்ணி."

"கண்ணு தொறந்தது?"

மணிமாறன் விசும்பினான்.

"அழுவாதப்பா. வலிச்சுச்சா அவருக்கு?"

"இல்ல. பஸ்ஸுல என் தோள்ல சாஞ்சிருந்தாரு. தூங்குறாருன்னு நெனச்சேன்."

"இதாவது நெசமா?"

"எங்கம்மா மேல சத்தியமா நெசம்."

"எந்தத் தோளு?"

"எடது."

அவள் போனை எங்கோ வைத்தாள், துண்டிக்கவில்லை. தெருவில் யாரோ, "மீனா, தண்ணி விட்டாச்சு" என்று குரல் கொடுத்தார்கள். குடங்கள் சிமெண்டில் உரசின. வாசல் குழாயில், முன்பே வைத்திருந்த குடம் ஒன்று நிறைகிற சத்தம் மெல்ல மாறி, கழுத்து வரை ஏறி, வழிய ஆரம்பித்தது. அதை யாரும் எடுக்கவில்லை. மணிமாறன் போனைக் காதிலேயே வைத்திருந்தான்.