செங்கல் வைத்த கட்டில்

அப்பாவின் கால்மேல் போர்வையை இழுத்துவிடக் குனிந்தவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சுளீரென்று வலி தொடை வரைக்கும் இறங்கியது. அவர் கால்களைப் பிடித்தபடி அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். இனி தானாக எழ முடியாதென்று தெரிந்துவிட்டது. வார்டில் எத்தனை பேரைப் புரட்டிப்போட்ட இடுப்பு! ஒரு வருஷமாகவே இப்படித்தான். வெளியே சொன்னதில்லை.

பார்க்க வருபவர்களுக்கு வசதியாக இருக்கட்டுமென்று அப்பாவின் உடலைக் கூடத்தில் தாழ்வான பெஞ்சில் கிடத்தச் சொன்னது தம்பி. துடைத்து உடுத்திவிட்டது அவள். "நீதான் நர்ஸாச்சேக்கா, உனக்குப் பழக்கம்தானே" என்று அவன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டான்.

"பாரு, அப்பன் காலப் பிடிச்சுட்டு விடவே மாட்டேங்கறா" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். "ஆஸ்பத்திரில எத்தனை சாவு பாத்தவ. சொந்த அப்பன்னா சும்மாவா?"

அழுகை வந்தால்கூடத் தேவலை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் இடுப்பு வலி அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவரைத் தூக்கி உட்காரவைக்கும்போது ஒருநாள் அவள் பல்லைக் கடித்ததைப் பார்த்துவிட்டார். மறுநாள் வேலை முடிந்து வந்தால், கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல். எதிர்வீட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்.

"என்னப்பா இது? உங்க கால் தரைக்கு எட்டாதே!"

"எட்டினா மட்டும் பந்தயத்துல ஓடவா போறேன்? நீ குனியாம இருந்தா போதும்மா."

அதுவரை கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போவார். அதன்பிறகு அதுவும் நின்றது.

"அக்கா, வண்டி வந்துடுச்சு. எந்திரி. உனக்கு முன்சீட்டு."

போகத்தான் வேண்டும். கடைசிவரைக்கும் கூடப் போக வேண்டும். 'தூக்கிவிடுடா' என்று ஒரே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. அடுத்தவரைத் தூக்கியே பழகியவளுக்கு அதைச் சொல்ல வரவில்லை.

"நீங்க தூக்குங்கடா. வர்றேன்."

"அவள விட்ருடா, தாங்கமாட்டா. இங்கயே இருக்கட்டும்" என்றாள் அத்தை. தம்பி ஒரு கணம் நின்று பார்த்தான். பிறகு போனான்.

நாலு பேர் முதுகை வளைத்துத் தூக்கினார்கள்.

"முட்டிய மடக்கித் தூக்குங்க, இடுப்பு போயிடும்" என்றாள். யார் காதிலும் விழவில்லை.

கூடம் காலியானது. முட்டி போட்டபடியே, சுவரைத் தடவித் தடவி அப்பாவின் அறைக்குப் போனாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

கட்டில் சரியாக அவள் இடுப்பளவுக்கு நின்றது. விரிப்பில் அவர் படுத்திருந்த சுருக்கம். குனியாமலேயே அதை நீவிவிட்டாள்.