பாதிப் பாரம்

...வலப்பக்கம் ஒன்றுமே இல்லை, அதுதான் ஆச்சரியம், வலி மொத்தமும் இடப்பக்கத்தில்தான் குடியேறியிருக்கிறது, இடுப்பில் ஆரம்பித்துத் தொடையின் பின்புறமாக இறங்கிக் கெண்டைக்கால் வரை, யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு மெல்ல மெல்ல உருவுவது மாதிரி. குப்புறப் படுத்திருந்தவளின் முதுகில் ஒத்தடப் பையை வைத்து, வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகிவிட்டு, அசையாமல் இருக்கச் சொல்லித் திரையை இழுத்துவிட்டுப் போயிருந்தாள் பிசியோதெரபிக்காரப் பெண். மேலே எலும்பு வார்டில் இத்தனை வருஷம் நர்சாகக் கட்டில் கட்டிலாகத் திரிந்தவள் இன்று அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறாள், இதைச் சொன்னால் வார்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் போகிறபோக்கில் அந்தப் பெண் கேட்டுவிட்டுப் போனாளே ஒரு கேள்வி, அதை ஏன் கேட்டாள்? "ரெண்டு பேரா சேர்ந்துதானே பேஷண்டைத் தூக்குவீங்க சிஸ்டர்? அப்ப பாரம் பாதிப் பாதியா போயிருக்கணுமே. உங்க முதுகைப் பாத்தா தனியாத் தூக்கின ஆள் மாதிரி இருக்கு." தனியாகவா, நானா, என்று சிரித்துத்தான் வைத்தாள்.

தனியாக ஒரு நாளாவது தூக்கியிருப்பாளா? எப்போதும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் பஞ்சக்கா, இந்தப் பக்கம் இவள். வார்டில் இவளுக்கு மூத்த நர்ஸ், நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, கை பஞ்சு மாதிரி அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று ஏதோ ஒரு நோயாளி வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. பஞ்சக்கா கை பட்டால் வலியே தெரியாது என்பார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவது பஞ்சக்காதான், தூக்கி வைத்ததும் "அம்மாடி, உயிரே போச்சு" என்று பெருமூச்சு விடுவதும் பஞ்சக்காதான், அந்தப் பெருமூச்சைக் கேட்டு எத்தனை முறை டீ வேளையில் இவள் அக்காவின் கழுத்தைப் பிடித்துவிட்டிருக்கிறாள், தன் கழுத்து விறைத்துக் கிடக்க... விறைத்துக் கிடந்தது இவளுடைய கழுத்து, பஞ்சக்காவின் கழுத்து இவள் விரலுக்கடியில் எப்படி இருந்தது? இளகி, வெண்ணெய் மாதிரி. அப்போது அதை நினைக்கவில்லை. என் விரலுக்கு அவ்வளவு திறமை என்றல்லவா நினைத்துக்கொண்டேன், மடச்சி.

இடுப்பு உடைந்து வந்த அந்தப் பஸ் கண்டக்டர், ஓய்வு பெற்றும் வாய் ஓயாத மனுஷன், ஆள் வேறு ஒரு பீரோ கனம், போன வாரம் அவரைக் கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்தபோதுதான் இவள் முதுகில் சடக்கென்று ஏதோ பிடித்தது. பஞ்சக்கா தலையணை எடுக்கப் போன சமயம் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "தப்பா நெனைக்காதம்மா, உன் கைதான் என்னைத் தூக்குது. அந்தம்மா கை சும்மா தொட்டுக்கிட்டு இருக்கு." இவளுக்கு வந்ததே கோபம். "வலி மருந்து ஏறிப்போச்சு உங்களுக்கு, பேசாம படுங்க" என்று அதட்டிவிட்டு வந்தாள். அதட்டினது அவரையா, இல்லை, ஏற்கெனவே எங்கேயோ தெரிந்து வைத்திருந்த ஒன்றையா? பஞ்சக்கா லீவில் இருந்த நாட்களில் வேறொருத்தியோடு தூக்கும்போது ஆள் பூ மாதிரி எழும்பி வந்து இவளே பின்னால் தடுமாறியதுண்டு, நோயாளி இளைத்துவிட்டார் என்று தேற்றிக்கொண்டாள். எல்லா நோயாளிகளுமா இளைப்பார்கள்? படுத்துக் கிடப்பவனுக்குத் தெரியாமல் இருக்குமா, எந்தக் கை தாங்குகிறது, எந்தக் கை நடிக்கிறது என்று? வார்டு முழுக்கத் தெரிந்திருக்கும். இவளைத் தவிர.

முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே, ஆளை உடம்போடு ஒட்டி அணைத்துத் தூக்கு, தூக்கிக்கொண்டே திரும்பாதே... பயிற்சிக்கு வரும் பெண்களுக்குத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தவள் இவளே, ஒன்றையும் மீறியதில்லை, இடுப்புக்குப் பெல்ட் கட்டினாள், தட்டையான செருப்பு போட்டாள், வீட்டில் மெத்தையை மாற்றினாள், வீட்டுக்காரர்கூட முதுகுக்கு நீ காட்டும் மரியாதையை எனக்குக் காட்டுவதில்லை என்று கேலி செய்தார். அத்தனை பாடத்திலும் முதுகைப் பற்றி இருந்தது, எதிரே நிற்கிற ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குக் கூப்பிட்டார்களே, அன்றைக்குப் பஞ்சக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போயிட்டா நான் யாரோட தூக்குவேன்?" என்று கண் கலங்கினாள், இவளும் உருகிப்போய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். யாரோட தூக்குவேன்... அதற்கு அர்த்தம் அதுதானா, வேறு எந்த ஏமாளி கிடைப்பாள் என்பதா? இனி வார்டு வேலை உனக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. முதுகு எரிந்தது. ஒத்தடம் ஆறிப் போயிருந்தது, எரிச்சல் அதனுடையதல்ல.

திரை விலகியது. வந்தது பஞ்சக்கா. டியூட்டி முடித்து உடை கூட மாற்றாமல், இவளை வீட்டில் கொண்டுபோய் விட வந்திருக்கிறாள். "மெதுவா, அவசரப்படாத. ஒருக்களிச்சுப் படு, காலைக் கீழ போடு, கையை ஊனி எழுந்திரு" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லி உட்கார வைத்து, குனிந்து பெல்ட்டை மாட்டிவிட்டாள். மெத்தென்ற கை. நரை எட்டிப் பார்க்கும் அந்த வகிடு. கேட்டுவிடலாமா? கேட்டால் என்ன மிச்சமிருக்கும்?

"அக்கா, அந்தக் கண்டக்டர் ஒண்ணு சொன்னாரு."

பெல்ட்டின் பட்டை பாதியில் நின்றது. "என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. நம்ம ரெண்டு பேரும் நல்லாத் தூக்குறோமாம்."

பஞ்சக்கா நிமிரவில்லை. பட்டையை ஒட்டினாள், பிரித்தாள், மறுபடி ஒட்டினாள். யாரிடமோ பேசுவதுபோல் பெல்ட்டைப் பார்த்தே சொன்னாள், "உனக்கு வீட்ல தாங்க ஆள் இருக்கு. எனக்கு இடுப்பு போச்சுன்னா என்னைத் தூக்க யார் இருக்கா சொல்லு." ஒப்புக்கொண்டாளா, எதை ஒப்புக்கொண்டாள், மன்னிப்பா, கணக்கா?

"என் தோள்ல கைய போடு. முழுசா சாஞ்சுக்கோ, நான் தாங்கிக்கிறேன்" என்றாள் பஞ்சக்கா. இவள் கையைப் போட்டாள். இருவரும் தாழ்வாரத்தில் அடியடியாக நடந்தார்கள், சக்கர நாற்காலி ஒன்று எதிரே வந்தது, ஒதுங்கி வழிவிட்டார்கள், தெரிந்த ஆயா ஒருத்தி, "நல்ல ஜோடி" என்று சொல்லிக்கொண்டு போனாள். இடக்கால் தரையில் படும்போதெல்லாம் கம்பி உருவியது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டாள்.

"என்னடி நீ, கனமே இல்ல? காத்து மாதிரி இருக்க" என்றாள் பஞ்சக்கா.

அப்போதுதான் தன் கையைக் கவனித்தாள். அது பஞ்சக்காவின் தோளில் கிடந்தது, அவ்வளவுதான், வெறுமனே தொட்டுக்கொண்டு. சாயச் சொல்லி அதனிடம் கெஞ்சிப் பார்த்தாள். உடம்பு மொத்தமும் நோகிற காலிலேயே நின்றது.