நாற்பத்தேழாம் குழாய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தங்கையிடம் ஒரு கேள்வியைக் கேட்கத் தைரியம் இல்லாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குப் பித்தநாளத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. அன்று எடுத்த ரத்தத்தில் ஒரு குழாய் ஆய்வுக்குப் போனது. ரத்தத்தில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, நோய் யாருக்குத் திரும்பி வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற ஆய்வு. அந்தப் புரதத்தை அளப்பவள் என் தங்கை. நாற்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான்.

குழாயில் பெயர் இருக்காது, எண்தான். யாருடையது என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. நர்ஸ் எண்ணை ஒட்டியபோது நான் பார்த்துவிட்டேன்: நாற்பத்தேழு. கட்டிலருகே நின்ற பாப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

(அப்படித்தான் நினைத்தேன்.)

2

முதல் தொடக்கம்: 'ஆய்வகத்தில் மௌனம் பனியைப் போல...' வேண்டாம். அங்கே ஃப்ரீசர் ஓயாமல் உறுமுமாம்.

இரண்டாவது: அவள் உறைந்த குழாய்களைப் பனிக்கட்டிமேல் நிறுத்தி, உருகக் காத்திருக்கிறாள். பிளாஸ்டிக் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொரு குழாயின் ரத்தத்துக்கும் இரண்டிரண்டு குழி. நிறம் காட்டும் மருந்தை விட்டதும் குழிகளில் நீலம் மெல்ல ஊறுகிறது. கடைசியில் ஆசிட் விட்டதும் நீலமெல்லாம் மஞ்சளாகிறது. அடர்ந்த மஞ்சள் என்றால் புரதம் அதிகம். புரதம் அதிகமென்றால் நாள் குறைவோ என்று ஆய்வு சந்தேகிக்கிறது. நோய் வந்தபோது என் கண்களும் இந்த மஞ்சள்தான். பார்க்கப் பார்க்க அந்தத் தட்டு அவளுக்கு ஓர் ஊராகிறது. தொண்ணூற்றாறு ஜன்னல்களிலும் விளக்கு. தெருத்தெருவாக நடந்து ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாள். கதவைத் தட்டலாமா என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

3

ஒரு சந்தேகம். இப்படிக் கனவில் நடப்பவள் என் பாப்பா இல்லை. நிஜப் பாப்பாவுக்குத் தப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. மருந்துச்சீட்டைக்கூடத் திருத்தி டாக்டரிடமே நீட்டியவள்.

அவள் கண்ணில் படக்கூடாதென்று கதையில் என் குழாயின் எண்ணை மாற்றி முப்பத்தொன்று என்று போட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாள். கதையைக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள்.

"ஆசிட்னு மொட்டையா எழுதாதண்ணா. அதை ஊத்தினா நிறம் ஏறுறது அதோட நின்னுரும். அதையும் சொல்லு."

"சரி."

"அப்புறம், இது நூறு பேரை வச்சுச் சொல்ற கணக்கு. தனி ஒருத்தருக்கு ஜோசியம் இல்ல."

"சரிம்மா."

பேனா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிப் பக்கத்தில் முப்பத்தொன்றை அடித்து, மேலே நாற்பத்தேழு என்று எழுதியது. அதன் பிறகுதான் நின்றது.

அவள் உள்ளங்கையால் எண்ணை மூடினாள். மூடி என்ன பயன்.

"அன்னைக்கே பாத்துட்டியா?" என்றேன்.

"கண்ணு போயிருச்சு."

"சொல்லியிருந்தா வேற ஆள் அளந்திருப்பாங்களே."

"வேற யார் கையிலயும் விட மனசு வரலண்ணா."

அவள் அழவில்லை. இத்தனை மாதமாக என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுச் சிரித்துப் பேசிவிட்டுப் போனவள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

"நிறம்?" என்றேன்.

"கதைக்கா கேக்குற, உனக்கா?"

கடைசித் தாளை அவள் கைக்கடியிலிருந்து உருவிக்கொண்டேன்.

5

கதையை முடிக்க ஒரே ஒரு வரி போதும்:

நாற்பத்தேழின் இரண்டு குழிகளிலும் மஞ்சள் [          ] இருந்தது.

'வெளிறி' என்று எழுதலாம். 'அடர்ந்து' என்றும் எழுதலாம். எதை எழுதினாலும் முதலில் படிக்கப் போகிறவள் அவள்தான். தப்பாக இருந்தால் பேனா தானாக நகரும். சரியாக இருந்தால் நகராது. எது நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

அதனால் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள், என்னிடம் காட்ட வேண்டாம். பாப்பா உள்ளே டீ போடுகிறாள். பேனாவை மூடாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.