சின்னவருக்கு நெஞ்சுச்சளி

ஊசியைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு சிவநேசம் நின்றபோது, கிளி மச்சாள் அறைக்கதவைத் தட்டினாள்.

"நேசம், கதவைத் திற. தனிய இருந்து அழாதை."

"உடுப்பு மாத்திறன் மச்சாள். ரெண்டு நிமிசம்."

அவள் அழவும் இல்லை, உடுப்பு மாற்றவும் இல்லை. அவளுக்கு முன்னால் கட்டிலில், விரித்த துவாய்மேல், நாலடிக்கு மேல் வளராத சாதி மலைப்பாம்பு ஒன்று வாயைக் கொஞ்சம் திறந்தபடி, காற்றுப்போகும் சைக்கிள் ரியூப் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. ஊசிமருந்து இவ்வளவு நாளும் குளிர்ப்பெட்டியில் அறக்குளா மீனுக்குப் பக்கத்தில் இருந்தது. சூடாக்காமல் போட்டால் நோகும் என்று செத்துப்போன கணவர் சொல்லுவார்.

பாம்பை வாங்கியவன் மகன் வசீகரன். வேலை கிடைத்துக் கல்கரிக்குப் போனபோது கிற்றாரைக் கொண்டுபோனான், கொம்பியூட்டரைக் கொண்டுபோனான், பாம்பை மறந்துபோனான். அன்றிலிருந்து அது தகப்பன் உருத்திரமூர்த்தியின் பொறுப்பு. 'சின்னவர்' என்று அவர்தான் பெயர் வைத்தார். பெற்ற மகனை 'டேய்' என்று கூப்பிடும் மனிதர், பாம்புக்கு மரியாதை கொடுத்தார். "சின்னவர் இண்டைக்கு எலி எடுத்தவரோ?" என்று பக்டரியிலிருந்து போன் எடுத்துக் கேட்பார். மனைவி சாப்பிட்டாளோ என்பது அந்த உரையாடலில் வருவதில்லை.

சின்னவருக்கு மாரி தொடங்கினால் நெஞ்சில் சளி கட்டும். மருந்துக்கு மாறும், பிறகு திரும்ப வரும். மூக்கில் குமிழி விடும். மிருகவைத்தியர் பிரெஞ்சுக்காரி, கூதல் காற்றும் ஆகாது, புகையும் ஆகாது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து லாசாலில் அவர்களுடைய அப்பார்ட்மெண்டில் சன்னல் திறப்பதும் சாம்பிராணி போடுவதும் தடை. வெள்ளிக்கிழமைகளில் சிவநேசம் தொப்பியும் பூட்சும் போட்டுக்கொண்டு, பல்கனியில் பனிக்குள் நின்று சாம்பிராணி காட்டினாள். எதிர் பல்கனிக் கியூபெக்காரர் அவள் இறைச்சி வாட்டுகிறாள் என்று நினைத்துக் கை காட்டிச் சிரிப்பார். அவளும் சிரித்துவைப்பாள். சைவத்தை விளக்க அவளுடைய பிரெஞ்சு காணாது.

இந்த மாரியில் வீட்டில் இரண்டு பேர் இருமினார்கள். சின்னவருக்கு ஊசி. உருத்திரமூர்த்திக்கு மல்லித்தண்ணி. "ஆஸ்பத்திரிக்குப் போவம் எழும்புங்கோ" என்றால், "எனக்கென்ன, வெறும் தடிமன்" என்பார். பாம்பை எத்தனையோ தரம் டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடிய மனிதர், தான் ஒரேயொரு தரம்தான் போனார். அதுவும் அம்புலன்சில். நியூமோனியா.

கடைசி நாள் வாயிலிருந்த மாஸ்க்கைத் தூக்கி, அவளைக் கிட்ட வரும்படி கண்ணைக் காட்டினார். முப்பத்து நாலு வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதர் ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் காதைக் கொண்டுபோனாள்.

"இஞ்சாரும், சன்னலைச் சாத்தினீரோ?"

அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் "கடைசியா என்ன சொன்னவர்?" என்று கேட்டார்கள். "உங்களைத்தான் விசாரிச்சவர்" என்று ஆளுக்கு ஆள் சொல்லிவைத்தாள்.

அவள் ஊசியை எடுத்தாள். இதுவரைக்கும் பிடிப்பது அவள், குத்துவது அவர். இன்றைக்கு இரண்டும் அவள். செதிலுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். சின்னவர் தலையைத் திருப்பினார்.

"என்னைப் பாக்காதேங்கோ. அவர் இருந்தா நான் ஏன் குத்தப்போறன்?"

சொல்லி முடித்த பிறகுதான் தானும் மரியாதை கொடுத்துவிட்டது அவளுக்கு விளங்கியது. அதற்குள் கிளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். சிவநேசம் போர்வையை இழுத்துக் கட்டிலை மூடினாள்.

கிளி, உருத்திரமூர்த்தியின் அக்கா. ரொறொன்ரோவிலிருந்து வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து செத்தவீடு அவளுடைய ஆட்சியில் நடந்தது.

"நாங்கள் வெளிக்கிட்டவுடனை பக்கத்து வீட்டு அஞ்சலீனா நிண்டு வீடு கழுவுவா. சன்னல் முழுக்கத் திறந்துவிடச் சொல்லியிருக்கிறன்."

"சன்னலோ? மச்சாள், வெளியிலை மைனஸ் இருபத்திரண்டு."

"செத்தவீட்டைக் கழுவித் திறந்துவிடாமல்? கொஞ்ச நேரம் காத்துப் பட்டால் ஒருத்தரும் சாகமாட்டினம்."

சிவநேசம் போர்வையைப் பார்த்தாள். போர்வை மெல்ல அசைந்தது.

உண்மையைச் சொல்லவும் வழியில்லை. பாம்பு வளர்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று கிளி முன்பே போனில் சண்டை பிடித்தவள். மிருகக்காட்சிச்சாலைக்குக் கொடுத்தாயிற்று என்று தம்பி புளுகி அவளைச் சமாளித்திருந்தார். இப்போது கண்டால், மரணத்துக்குக் காரணம் எது என்று கிளி அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். சின்னவர் பனிக்குள் போவார்.

கிளி போனதும் வசீகரன் உள்ளே வந்தான். உள்ளுக்குக் கம்பளிக் காற்சட்டை, மேலே வேட்டி. கொள்ளி வைக்கப்போகிறவன் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவன் மாதிரி இருந்தான். தாய் தலையணை உறைக்குள் பாம்பை இறக்குவதைக் கண்டு திகைத்தான்.

"அம்மா, விசரோ உங்களுக்கு? விட்டிட்டு வாங்கோ. பாம்புதானே, செத்தால் வேறை வாங்கலாம்."

"கொப்பரும்தான் செத்தவர். வேறை வாங்கித் தாவன்."

அவன் குந்தியிருந்து உறையின் வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்தான்.

இப்படித்தான், கணவனின் செத்தவீட்டுக்குச் சிவநேசம் வயிற்றில் ஒரு மலைப்பாம்பையும், அதற்குமேல் ஒரு சுடுதண்ணிப் பையையும் கட்டி, வின்ரர் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

பிரேதம் வைத்திருந்த மண்டபத்தில் நல்ல சூடு. கோட்டைக் கழற்றச் சொன்னவர்களிடம் குளிருது என்றாள். நெருப்பு அலாரம் அடிக்கும் என்று சாம்பிராணிக்கு மண்டபக்காரர் சம்மதிக்கவில்லை. ஐயருக்குக் கோபம், அவளுக்கு நிம்மதி.

ஆனால் கட்டிப்பிடித்து அழ வந்த பெண்களை அவள் யோசிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். சிவநேசம் தன் இரண்டு கைகளையும் நேரே நீட்டி, வந்தவளின் தோளைப் பிடித்து, அந்தத் தூரத்திலேயே வைத்து அழுது அனுப்பினாள். "அதிர்ச்சி. பாவம், ஆளே விறைச்சுப்போச்சு" என்று பின்வரிசையில் கதைத்தார்கள்.

கிளியைத் தடுக்க எந்தக் கையாலும் முடியவில்லை. "என்ரை தம்பி எங்களை விட்டிட்டுப் போட்டானே!" என்று முழுப் பாரத்தோடு வந்து விழுந்தாள். இரண்டு வயிறுகளுக்கும் நடுவில் ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டது.

ஒப்பாரி நின்றது.

"நேசம்," கிளி காதுக்குள் கேட்டாள். "மிருகக்காட்சிச்சாலைக்குக் குடுத்தது எண்டு..."

"குடுக்கேல்லை."

"பாவி! பிரேதத்துக்கு முன்னாலை இதுக்கு என்ன வேலை?"

"நீங்கள் சன்னலைத் திறக்கச் சொன்னியள்தானே. இதுக்கு நெஞ்சுச்சளி."

மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கிளி கண்ணை மூடி, ஒப்பாரியை விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். பிடியை மட்டும் விடவில்லை. அடுத்து வந்தவளை முதுகாலேயே தடுத்தாள். விட்டால் அது எந்தப் பக்கத்தால் வருமோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. கிளி பிடித்தபடியே சிவநேசத்தைப் பெட்டிக்குக் கொண்டுபோனாள். கழுத்தில் நீல ரை கட்டி, கோட்டும் போட்டு, வீட்டில் ஒருநாளும் இல்லாத அடக்கத்தோடு உருத்திரமூர்த்தி படுத்திருந்தார். அவள் குனிந்தாள். ஐயர் மந்திரத்தை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். அந்த அமைதிக்குள், பெட்டிக்குக் கிட்ட, நீளமாக, சளி இழுத்து இழுத்து ஒரு மூச்சு வந்தது.

தலைமாட்டில் நின்றவர் அம்புறோஸ். மட்டக்களப்புக்காரர், செத்தவரோடு பக்டரியில் வேலை செய்தவர்.

"மாதாவே! மூர்த்தி அண்ணன் மூச்சு விடுறார்!" என்று சிலுவை போட்டார்.

கதிரைகள் இழுபட்டன. மண்டபக்காரர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு ஓடி வந்தார். எல்லாரும் உருத்திரமூர்த்தியின் நெஞ்சைப் பார்த்தார்கள். மூச்சு யாருடையது என்று அங்கே தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். வசீகரன் பார்த்தான். கிளி பார்த்தாள். சிவநேசம் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாரையும்விட நேரமெடுத்துப் பார்த்தாள்.

நீல ரை அசையவில்லை.

"ஹீற்றர்," என்றாள் கிளி, மண்டபத்துக்கே கேட்க. "இந்த நாட்டு ஹீற்றர் இப்பிடித்தான் இழுக்கும். ஐயர், நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ."

தகனத்துக்குப் போகும் காரில் பின் சீற்றில் சிவநேசமும் கிளியும்தான். ஏற முதலே கிளி அம்புறோஸை முன் சீற்றுக்குத் துரத்தியிருந்தாள். அவர் மூச்சுக் கேட்ட திகைப்பில் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். சிவநேசம் கேட்டபடி சாரதி சூட்டை முழுதாக விட்டிருந்தான். அவனுடைய பிடரியில் வியர்த்தது.

அவள் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். கிளி கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

"கடிக்குமோ?"

"இல்லை மச்சாள்."

கார் ஒரு சிவப்பு லைற்றில் நின்று, திரும்ப ஓடியது.

"தம்பி இதோடை கதைக்கிறவனோ?"

"ஓம்."

"என்ன கதைக்கிறவன்?"

"சாப்பிட்டவரோ எண்டு கேப்பார். மூச்சு முட்டுதோ எண்டு கேப்பார். தடவித் தடவிக் கேப்பார்."

கிளி வெளியே திரும்பினாள். ரோட்டோரம் உழுது ஒதுக்கிய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. முகத்தைத் திருப்பாமலே தன் கம்பளிச் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து, சிவநேசத்தின் மடியில் போட்டாள். அது வழுக்கியது. இழுத்துச் சரிசெய்து, விளிம்பைக் கையால் அமத்திக்கொண்டாள். சால்வைக்குக் கீழே அது அசைந்தபோது அந்தக் கை சட்டென்று எழும்பியது. பிறகு மெல்ல, பழைய இடத்திலேயே திரும்ப இறங்கியது.