நடுவில் இல்லாத குரல்

தொழிற்சாலை பஸ் ஈஜோக் முச்சந்தியில் நின்றபோது காலை ஏழே கால். உமாபதி இறங்கினான். இரவு முழுக்கக் காதுக்குள் ஏறி இறங்கிய சத்தம் இன்னும் ஓயவில்லை. ரவாங்கில் அவன் வேலை செய்யும் இடத்தில் ஸ்பீக்கர் செய்கிறார்கள். கண்ணாடி அடைத்த சின்ன அறை, ஒரு நாற்காலி, எதிரே பெல்ட்டில் வரிசையாக வரும் ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றையும் முதலில் பேட்டரியால் தொட வேண்டும். காகிதக் கூம்பு முன்னால் துள்ளினால் சரி. உள்ளே இழுத்தால் யாரோ கம்பியை மாற்றிப் பற்றவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அடுத்து, அடித்தொண்டையிலிருந்து உச்சிவரை மூன்று விநாடிக்கு ஒரு சத்தம் விடுவார்கள். அதில் எங்காவது 'கிர்' என்று உரசினால் சிவப்புக் கூடை. ஓர் இரவுக்கு எண்ணூறு உருப்படி. விடியும்போது யார் பேசினாலும் அந்தக் 'கிர்'ரைத்தான் காது முதலில் தேடும்.

பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே சேது இரண்டு சைக்கிள்களோடு நின்றான். செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை போடுகிறவன். இடுப்பில் வாக்மேன், காதில் அலிகேட்ஸ் குழுவின் மலாய்ப் பாட்டு, தலைக்குப் பின்னால் ரப்பர் வளையம் போட்ட ஒரு குட்டிக் குடுமி. பிரான்ஸ் நாட்டு ஃபின்யோனுக்குக் குடுமி இருக்கிறது என்பதற்காக வளர்த்தது.

"ஒங்கம்மா இன்னும் வெட்டலையா அத?" என்றான் உமாபதி.

"கத்தரிக்கோல ஆலையில கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கேன்லா."

வண்டியை மிதிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் செம்பனை, இலையில் இன்னும் பனி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் லோரி இல்லை. போன மாதம் முடிந்த பந்தயத்தை இன்னும் அவர்கள் முடிக்கவில்லை. மூன்று வாரம் பிரான்சைச் சுற்றி ஓட்டி, கடைசி நாள் காலையில் ஐம்பது விநாடி முன்னால் இருந்தான் ஃபின்யோன். சாயங்காலம் எட்டு விநாடியில் தோற்றான். ஜெயித்தது அமெரிக்காக்காரன் லெமோண்ட், இரண்டு வருடத்துக்கு முன்னால் வேட்டையில் குண்டடிபட்டுச் சாகக் கிடந்தவன். பேப்பரில் விரலளவு செய்திதான் வந்தது. அந்த விரலளவை வைத்துக்கொண்டு இவர்கள் ஐந்து வாரமாகச் சண்டை போடுகிறார்கள்.

"அது விதிலா," என்றான் சேது.

"விதியில்ல. குடுமி. மத்தவன் காத்தக் கிழிக்கிற மாதிரி தொப்பி போட்டு, புது மாதிரி ஹேண்டல்பார் வச்சுக் குனிஞ்சு போறான். ஒன் ஆளு கொல்லைக்குப் போறவன் மாதிரி வெறுந்தலையோட கெளம்பிட்டான்."

"தோத்தாலும் அழகாத் தோத்தான்டா. ஒன் ஆளு ஜெயிச்சான், ஆனா கொக்கு மாதிரி தலைய நீட்டிக்கிட்டு."

"கொக்கு மீனப் புடிச்சிருச்சுல்ல."

சேது காற்றை மறைத்துக்கொண்டு முன்னால் போனான். இரவு வேலை முடித்து வருகிறவனுக்கு அவன் செய்கிற மரியாதை அது. வாயால் சொல்ல மாட்டான். அவன் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி உமாபதி ஒட்டிக்கொண்டான். கால் தானாகச் சுற்றியது. மனசு மட்டும் ஒரு காகித உறையிலேயே நின்றது.

தொழிற்சாலை நோட்டீஸ் பலகையில் ஒரு வேலை ஒட்டியிருந்தார்கள். சவுண்ட் லேப்பில் டெக்னீஷியன், பகல் வேலை, ஓர் ஆள். பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். தேறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தக்க ஒருவரின் கடிதம் வேண்டும். உமாபதியிடம் எஸ்.பி.எம். இல்லை. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது பள்ளியை விட்டான். வீட்டில் பட்டினி கிடையாது, யாரும் சாகவும் இல்லை. ஒரு வாத்தியார் ஏதோ சொன்னார், இவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். என்ன சொன்னார் என்பதுகூட மறந்துவிட்டது. மறுநாள் திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு இப்போது ஏழு வயது. நாளைக்குத் திங்கள்கிழமை, மனு கொடுக்கக் கடைசி நாள். கடிதம் அசாம் ஜாவாவில் குமாரசிங்கத்தின் வீட்டில் இருந்தது.

குமாரசிங்கம் கோலசிலாங்கூர் மாவட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறவர், நாற்பதை நெருங்குகிறவர், யாழ்ப்பாணத்து வம்சம். அவருடைய அப்பா இவர்கள் தோட்டத்தில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். உமாபதியின் அப்பா அந்தக் கிராணி பங்களாவின் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று பேசியிருக்கிறார். மகன் அந்தக் கிராணியின் மகனை 'அண்ணே' என்று கூப்பிட்டு, அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்கிறான். காரணம் சைக்கிள்தான். லண்டனிலிருந்து ஒரு மாதம் பிந்தி வரும் சைக்கிள் பத்திரிகையைப் பகிர்ந்துகொள்ள இந்த வட்டாரத்தில் அவருக்கு வேறு ஆள் இல்லை. தொழிற்சாலை ஆள்சேர்ப்பு அதிகாரி கிள்ளானில் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஒரு வரி எழுதினால் போதும் என்று போன வாரம் அவரே சொன்னார்.

கேட்டைத் திறந்ததுமே அவர் வாசலுக்கு வந்துவிட்டார். கையில் பத்திரிகை இல்லை.

"வாரும், வாரும். லெமோண்ட் பிறகு. முதல்ல இதைக் கேளும்."

கூடத்தில் புதிதாக இரண்டு ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் இடுப்பு உயரம், தேக்கு நிறம். லண்டன் மச்சான் கப்பலில் அனுப்பி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தவை. வயரைக்கூட குமாரசிங்கமே தேடி வாங்கிப் பூட்டியிருந்தார். சுண்டுவிரல் தடிமன், கன்னங்கரேல் என்று. நேற்று அலுவலகத்து ஆட்கள் ஏழு பேர் வந்து கேட்டு வாயைப் பிளந்துவிட்டுப் போனார்களாம். ஆம்பிளிஃபயர்மேல் ஒரு வெள்ளை உறை இருந்தது.

"உம்மட கடிதம். கையெழுத்துப் போட்டாச்சு. ஒட்டேல்லை, வாசிச்சுப் பாரும்."

உமாபதி வாசித்தான். நாலே வரி. இவரை எனக்குத் தெரியும், நல்லொழுக்கம் உள்ளவர், கடின உழைப்பாளி, ஆவன செய்ய வேண்டுகிறேன். தோட்டத்தில் யாருக்கும் எதற்கும் கிராணி எழுதித் தருகிற அதே நாலு வரி. பெயரை மட்டும் மாற்றினால் போதும். அவனுக்கு அது போதும். மடித்து உறைக்குள் போட்டான்.

"பாட்டைக் கேட்டிட்டு எடுத்துக்கொண்டு போம்," என்றார் குமாரசிங்கம். உறையை வாங்கித் திரும்ப ஆம்பிளிஃபயர்மேல் வைத்தார். இசைத்தட்டைத் துணியால் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினார்.

ஒரு வெள்ளைக்காரியின் குரல், பின்னால் டிரம், பாஸ் கிட்டார். சேது கண்ணை மூடித் தலையை ஆட்டினான்.

"குரல் ரூம் முழுக்கப் பரந்து நிக்குது பாரும்! எங்கயிருந்து வருது எண்டே சொல்லேலாது. இதுதான் இங்கிலீஷ் ஸ்பீக்கர்."

உமாபதி நாற்காலியில் நிமிர்ந்தான். உண்மைதான், குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில், பிள்ளையார் காலண்டர் தொங்கும் இடத்தில், அவள் நின்றிருக்க வேண்டும். அங்கே யாருமில்லை. இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம், வலது சுவரில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தாள். பாஸ் கிட்டார்க்காரன் விரல் சுண்டுவது கேட்டது, அடி வயிற்றில் எதுவும் விழவில்லை. ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. ஒன்று கொடுப்பதை மற்றது தின்கிறது. இது பெட்டியின் குற்றமில்லை. அந்தத் தடித்த வயரின் இரண்டு கம்பியும் ஒரே கறுப்பு. எது எது என்று அடையாளம் தெரியாமல் ஒரு பக்கம் மாற்றிப் பூட்டியிருக்கிறார்.

சமையல் வாசனை வந்த குசினி வாசலில் குமாரசிங்கத்தின் மனைவி மங்கையற்கரசி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"பழைய பெட்டியில பாட்டு நல்லாத்தான் கேட்டது," என்றாள் பொதுவாக.

"உமக்கு இதெல்லாம் விளங்காது."

அவள் உள்ளே போய்விட்டாள். ஒரு பக்கம் முடிந்தது. ஊசியை எடுத்துவிட்டுக் குமாரசிங்கம் திரும்பினார். சிரிப்பு காதுவரை.

"உமாபதி, நீர்தான் ஸ்பீக்கர் ஃபேக்டரிக்காரன். சொல்லும் பாப்பம்."

சேது கண்ணைத் திறந்தான். உமாபதியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தை அவனுக்குத் தெரியும். சைக்கிள் செயினில் ஒரு கண்ணி இறுகியிருந்தால் அரை மைல் தள்ளியே கேட்டுவிட்டு, இறங்குகிற வரைக்கும் இவனைப் பாடாய்ப் படுத்துகிற முகம். வேண்டாம் என்பதுபோலச் சேது மெதுவாகத் தலையசைத்தான்.

'நல்லா இருக்குண்ணே.' இரண்டே சொல். உறையை எடுத்துக்கொண்டு போகலாம். நாளைக்குக் கொடுக்கலாம். அடுத்த மாதத்திலிருந்து மற்றவர்கள் தூங்கும்போது தானும் தூங்கலாம். அப்பாவாக இருந்தால் அந்த இரண்டு சொல்லையும் கேள்வி முடியுமுன்பே சொல்லியிருப்பார். அதற்காக அவர்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. ஆனால் தினமும் விடியற்காலை நாலு மணிக்கு, கண் எரியும்போது, மேற்பார்வையாளர் இல்லாதபோது, ஒரு கெட்ட ஸ்பீக்கரை நல்லதோடு தள்ளிவிட எத்தனையோ முறை கை நீண்டிருக்கிறது. ஒருமுறைகூடத் தள்ளியதில்லை. நேர்மை என்றெல்லாம் பெரிதாக எதுவுமில்லை. காது கேட்டதைக் கை மறைத்தால் மறுநாள் அந்த நாற்காலியில் உட்கார முடியாது, அவ்வளவுதான். அவனிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

"அண்ணே, ஒண்ணு பின்னால போவுது."

"என்ன?"

"ஒரு பக்கம் வயரு மாறியிருக்கு. ரெண்டும் சேந்து தள்ளல. ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது."

குமாரசிங்கத்தின் சிரிப்பு வாயில் இருந்தது, கண்ணில் இல்லை.

"என்ன கதைக்கிறீர்? ஏழு பேர் கேட்டவை. ஒருத்தருக்கும் தெரியாதது உமக்குத் தெரிஞ்சு போச்சோ? இது உம்மட ரவாங் சாமான் இல்லை, தெரியுமே?"

"பெட்டி நல்ல பெட்டிண்ணே. வயருதான்."

சேது தன் வாக்மேனின் பொத்தானை அமுக்குவதும் விடுவதுமாக இருந்தான். அப்போது மங்கையற்கரசி குசினியிலிருந்து வந்தாள். கையில் டார்ச் லைட். அதன் பின்மூடியைத் திருகி ஒரு பேட்டரியை எடுத்து உமாபதியிடம் நீட்டினாள்.

"இது காணுமே தம்பி? ரேடியோக்காரன் ஒருக்கா இப்பிடித்தான் தொட்டுப் பாத்தவன்."

குமாரசிங்கம் ஓரடி விலகி வழிவிட்டார். உமாபதி பெட்டிகளின் முகத்துணியைக் கழற்றினான். ஆம்பிளிஃபயரை அணைத்து, பின்பக்கம் கையை விட்டு வயர்களை உருவினான். இடது வயரில் சிவப்பு முனைக்குப் போயிருந்த கம்பியைப் பேட்டரியின் தலையில் வைத்து, மற்றதை அடியில் தொட்டான். 'டப்.' கூம்பு முன்னால் துள்ளியது.

"விரலை வச்சுப் பாருங்கண்ணே."

குமாரசிங்கம் குந்தி உட்கார்ந்து வலது பெட்டியின் கூம்பில் ஒற்றை விரலை, குழந்தையின் கன்னத்தில் வைப்பதுபோல வைத்தார். உமாபதி வலது வயரை அதே மாதிரி தொட்டான். 'டப்.' விரலுக்குக் கீழிருந்து கூம்பு உள்ளே நழுவியது. அவர் விரலை எடுக்கவில்லை. "இன்னொருக்கா," என்றார். 'டப்.' "இன்னொருக்கா." மூன்று முறை.

கம்பியை மாற்றிப் பூட்டினான். குமாரசிங்கம்தான் ஊசியை இறக்கினார். அவசரத்தில் இறக்கியதால் முதல் வரி உரசிப் போனது. அடுத்த வரியில் அவள் வந்தாள். பிள்ளையார் காலண்டருக்கு முன்னால், தரையிலிருந்து சரியாக ஓர் ஆள் உயரத்தில். பாஸ் அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மரத்துக்குள் இறங்கியது. தேத்தண்ணித் தட்டோடு வந்த மங்கையற்கரசி கூடத்தைக் குறுக்கே கடக்கப் போனவள், நின்றாள். நடுவில் நிற்கிறவளை இடித்துவிடுவோம் என்பதுபோல நாற்காலிகளுக்குப் பின்னால் சுற்றி வந்து தட்டை வைத்தாள்.

பாட்டு முடிவதற்குள் குமாரசிங்கம் எழுந்தார். ஆம்பிளிஃபயர்மேல் இருந்த உறையை எடுத்தார். அதைப் பார்த்தார், உமாபதியைப் பார்த்தார். உறையோடு உள்ளறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

தேத்தண்ணி குடித்தார்கள். கதவு திறக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு வீட்டில் எத்தனை முறை சுவரைப் பார்க்க முடியும். உமாபதி எழுந்தான். "வரோம்க்கா," என்றான். "கொஞ்சம் இரும் தம்பி," என்றாள் அவள். அது உபசாரமா, வேறு எதுவுமா என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மனிதர் பேசுவதில் அவனுக்கு அந்தக் காது கிடையாது.

வெளியே வந்ததும் சேது பிடித்துக்கொண்டான்.

"பெரிய லெமோண்டு கட்சிக்காரன். கடைசி நாளு, ஃபின்யோன் மாதிரி கையில இருந்தத விட்டுட்டு வர. நல்லா இருக்குன்னு சொன்னா ஒன் நாக்கு அழுகிடுமா?"

"அழுகாது."

"அப்பறம்?"

"பாஸ் வரலடா."

சேது அவனை முறைத்தான். பிறகு அவனால் அடக்க முடியவில்லை. "ஆனா மாத்துனதுக்கு அப்பறம் வந்துச்சு பாரு பாஸு, எங்கொடலு ஆடிருச்சு," என்றான். தன்மேலேயே கோபம் வந்தவன்போலக் குடுமியை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

உமாபதி பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தான். காற்று குறைந்திருந்தது. பம்ப்பை எடுத்துக் குனிந்தான். வீட்டுக்குள் மங்கையற்கரசி அதே பாட்டைத் தானே மறுபடி வைத்திருந்தாள், சத்தத்தைக் குறைத்து. குரலுக்கு அடியில், டிரம்மோடு சேராமல் வேறு ஏதோ தட்டியது. அவன் பம்ப்பை நிறுத்தினான். காது தானாக அதைப் பிரித்து எடுத்தது. தட்டச்சு இயந்திரம். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக யோசித்துத் தட்டும் விரல். வரி முடிந்து மணி 'டிங்' என்றது. உருளையைத் தள்ளும் சத்தம். மறுபடி தட்டல். டிங்.

"கெளம்புவோமா, வெயில் ஏறுது," என்றான் சேது, வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டே.

உமாபதி கையை மட்டும் உயர்த்தினான். டிங். மூன்று. சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது, அது தேய்ந்து மறையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். நான்கு. பழைய கடிதம் இத்தனை வரிதான். தட்டல் நின்றது. உள்ளே பெண் குரல் பாடிக்கொண்டிருந்தது, நடுவில், அசையாமல்.

உருளை தள்ளப்பட்டது. எழுத்து ஒன்று விழுந்தது, இன்னொன்று, பிறகு கொஞ்சம் வேகமாக, பிறகு இன்னும் வேகமாக. ஐந்தாவது மணி அடித்தது. விரல் நிற்கவில்லை.