சீட்டில் இருந்த பெரியம்மா

மஜீத் பாய்க்கு ஐம்பத்தெட்டு வயது. மாதம் தவறாமல் தலைக்குச் சாயம் பூசுவார். கண்ணாடி போட்டால் கிழவனாகிவிடுவோம் என்று பயம். செய்தித்தாளைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்துப் படித்துப் பார்த்தார். கையும் போதாமல் போனபோது படிப்பதையே விட்டுவிட்டார். அதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மனிதர் பள்ளிவாசல் கமிட்டிச் செயலாளர். குரல் வேறு கணீரென்று இருக்கும். மஹல்லாவில் யார் மவுத்தானாலும் அந்த மரணச் செய்தியை மைக்கில் அறிவிப்பது அவர்தான்.

ஒருநாள் கடலூரிலிருந்து பள்ளிவாசலுக்குப் போன் வந்தது. பாங்கு சொல்லும் மோதினார் நுஃமான் கேட்டு, சீட்டில் எழுதி நீட்டினார். மேலே பெரிதாக இருந்த 'ஐஸ் கடை ஆசிப்' மட்டும் மஜீதுக்குத் தெரிந்தது. கீழ்வரி எறும்பு ஊர்வது போலிருந்தது. "இது இன்னாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வறட்டுக் கௌரவம் விடவில்லை. ஐஸ் கடை ஆசிப் மவுத்தாகிவிட்டார் என்று ஊருக்கே அறிவித்துவிட்டார்.

ஆசிப் அந்நேரம் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். அறிவிப்பைக் கேட்ட அவர் மனைவி லமீஸ் மாடிப்படியில் தலைதெறிக்க இறங்கி, விழுந்து, வலது கையை முறித்துக்கொண்டாள். உண்மையில் இறந்துபோனது ஆசிப்பின் பெரியம்மா.

கமிட்டி கூடியது. "சீட்டுல அப்படித்தான் எழுதியிருந்துச்சு" என்றார் மஜீத்.

"சீட்டு எங்க பாய்?"

"குப்பையில கெடாசிட்டேன்."

சீட்டு அவர் ஜிப்பாப் பைக்குள்தான் இருந்தது. "நான் சரியாத்தான் எழுதுனேன்" என்று நுஃமான் மூன்று முறை சொன்னார். செயலாளர் பேச்சுக்கு முன்னால் மோதினார் பேச்சு எடுபடுமா? அவர் வேலை போயிற்று.

அன்றிலிருந்து மஜீதுக்குச் சோறு இறங்கவில்லை. "போயி ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்களேன்" என்று மனைவி சலீமா நச்சரித்தாள். எப்படிப் போடுவார்? அவர் மூக்கில் கண்ணாடி ஏறும் நாளில், தப்பு யார்மேல் என்று ஊருக்கு விளங்கிவிடுமே.

கண் டாக்டரிடம் போனார். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். கண்ணாடி போதும்" என்றார் டாக்டர்.

"கண்ணாடி வேணாம் டாக்டர். வேற வழி சொல்லுங்க."

"அப்போ கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸை எடுத்துட்டு, கிட்டவும் தூரமும் தெரியுற லென்ஸ் வெக்கலாம். ஆனா ஆபரேஷன் ஆபரேஷன்தான், யோசிச்சு வாங்க."

யோசிக்கவே இல்லை. ஒரு கண்ணுக்கு ஒரு வாரம், மறு கண்ணுக்கு அடுத்த வாரம். கேட்டவர்களிடம் கண்ணில் புரை என்று இன்னொரு பொய்.

ஒரு மாதத்தில் மாத்திரை அட்டையின் பொடி எழுத்துகூடத் தெரிந்தது. சலீமா வெளியே போன நேரம் பார்த்துப் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பீரோவில் ஒளித்து வைத்திருந்த அந்தச் சீட்டை எடுத்தார். நுஃமானின் எழுத்து கிறுக்கலாக இருந்துவிட்டால் போதும், பாதிப் பாவமாவது கழியும் என்று நினைத்தார்.

'ஐஸ் கடை ஆசிப் அவர்களின் பெரியம்மா, கடலூரில்.' முத்து முத்தாக இருந்தது. சின்னப் பிள்ளையும் படித்துவிடும்.

மறுநாள் பெரிய மார்க்கெட்டுக்குப் போனார். அங்கே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த நுஃமான் சின்ன வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். மஜீத் சீட்டை நீட்டினார். "தப்பு என்னுதுதான் நுஃமான். கண்ணு தெரியல. கமிட்டில பேசி வேலைய வாங்கித் தரேன்."

நுஃமான் சீட்டை வாங்கவில்லை. "ஒங்களுக்குக் கண்ணு தெரியாதது எனக்கு அன்னிக்கே தெரியும் பாய். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். எம் பொண்ண ஸ்கூல்ல கேக்குறாங்க, உசுரோட இருந்தவர சாவடிச்சது உங்க அத்தாவான்னு." தராசுத் தட்டை ஓங்கி வைத்தார். "அன்னிக்கு மைக்குல சொன்னீங்கல்ல. இதையும் மைக்குல சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மஜீத் மைக் முன் நின்றார். கையில் அவரே எழுதிய தாள். 'எதிர்பாராத விதமாக ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்று நாசூக்காகத் தொடங்கியிருந்தார். கடைசி வரிசையில் நுஃமான் உட்கார்ந்திருந்தார். மஜீத் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"ஆசிப் மவுத்துன்னு தப்பா சொன்னது நான். எனக்குக் கண்ணு தெரியல, கேக்க வெக்கப்பட்டேன். நுஃமான் சரியாத்தான் எழுதுனாரு. சீட்டை ஒளிச்சு வெச்சு அவர் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டது நான்தான்."

மஜீத் நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் சொன்னது சரிதான், தூரமும் நன்றாகவே தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராகத் தெரிந்தார்கள். ஆசிப்பும் அவர்களில் இருந்தார்.