எட்டடித் தொட்டி

மூன்றடித் தொட்டியே போதும் என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். ஹிமாயா கைபேசியை என் பக்கம் திருப்பிப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளி அரோவானா மீன். இப்போதைக்கு ஒரு சாண் நீளம்தான். ஏதோ பிளாஸ்டிக் வாளிக்குள் வளைந்து கிடந்தது.

"அவர் கொழும்பில இருந்து கொண்டந்தவர் ராத்தா. மூணடி காணும் எண்டு சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் என்று அவள் சொன்னது நிப்றாஸை. நான்கு வருடம் என் புருஷனாக இருந்தவன். இப்போது இவளுடைய புருஷன். என்னை யாரென்று தெரிந்துதான் என் கடைப் படியேறி வந்து, அக்காவைப்போல ராத்தா என்கிறாள். கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் பெரிய கண்ணாடி ஒட்டித் தரும் கடை வேறு இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியென்றாலும் என்ன துணிச்சல் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து பெண் வீட்டில் குடியேறுவார். என் வாப்பா சாரன் வியாபாரம் செய்து கட்டிய வீடு இது. மேல்மாடிக்கென்று விட்டுவைத்த கம்பிகள் இன்னும் கொங்கிரீட் தட்டுக்கு மேலே துருப்பிடித்து நிற்கின்றன. மாடி எழும்புவதற்குள் வாப்பா மௌத்தாகிவிட்டார். இனி மாடி வராது என்று உறுதியானதும் நிப்றாஸுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. தலாக் வழக்குத் தீர்க்கும் காதியாருக்கு முன்னால் போய், "இவ சிரிக்கிறல்ல" என்று குற்றம் சொன்னான். அங்கிருந்த அத்தனை பேருக்கும் மாடிதான் காரணம் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலாக்குக்குப் பின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து நான் வெளியே தலைகாட்டுவதற்குள் அவன் நற்பிட்டிமுனை வயல்காரப் போடியாரின் ஒரே மகளான இவளை முடித்து மாடிவீட்டில் ஏறிவிட்டான். அவன் கால் நீட்டிக் கிடந்த முன்னறையில்தான் நான் இந்தக் கடைக்குத் தொட்டிகளை அடுக்கினேன். சின்னக் கப்பி மீனில் தொடங்கி இன்று நத்தையை ஓட்டோடு தின்னும் மீன்வரை வந்திருக்கிறேன்.

அரோவானாவை மூன்றடியில் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது மாதத்துக்கு மாதம் நீளும். திரும்ப இடமில்லாமல் ஒவ்வொரு தடவையும் உடம்பை மடித்து மடித்துத் திரும்பும். முதுகு கோணிவிடும். செவுள் மூடி வெளியே சுருளும். தண்ணீர் ஊத்தையாகும். மூடியைத் தள்ளிக்கொண்டு ஒருநாள் தரையில் விழுந்து துடிக்கும். நிப்றாஸ் காணிப் புறோக்கர். ஆட்களைக் கூட்டிவந்து மீனைக் காட்டிப் பெருமையடிப்பான். அவர்களுக்கு முன்னால் அது கோணல் முதுகோடு மிதக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். மீன் பாவம்தான். ஆனாலும் ஆசைப்பட்டேன்.

"தொட்டிய எங்க வெக்கப் போறீங்க?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"மேல் மாடியிலதான். வாறவங்க ஏறி வந்து பாக்கணுமாம்." அவள் கைபேசியை மூடினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஊடும் இப்ப காணாதாம் ராத்தா. வாப்பாட நாவிதன்வெளி வயல வித்து மெயின் ரோட்டில ஒரு ஊடு வாங்கித் தரட்டாம். வாப்பா ஏலா எண்டுட்டார். அதில இருந்து இவர் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறல்ல."

நான் ஒரு தொட்டியின் காற்றுக் குழாயைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒங்கள்ல என்ன கொற சொன்னவர்?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"நான் சிரிக்கிறல்லயாம்."

"எனக்குச் சிரிப்புக் கூடிப்போச்சாம்" என்றாள் ஹிமாயா.

அடக்க முடியவில்லை. முதலில் எனக்குத்தான் சிரிப்பு வந்தது. அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்தபோது எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சலில் பாதி கழன்றுவிட்டது. அந்தப் பாதியும் சேர்ந்து அவன்மேல் ஏறியது.

"புள்ள, உள்ளதச் சொல்றன், கேளுங்க. மூணடியும் காணா, நாலடியும் காணா. எட்டடி வேணும். இது ரெண்டரை அடிக்கு வளர்ற மீன். அது ஒடம்ப மடிக்காமத் திரும்பணும் எண்டா அகலம் மூணடி வேணும். ஒசரம் ரெண்டரை. தண்ணி நிரப்பினா ரெண்டு தொன்னுக்குக் கிட்ட வரும். மேல வெச்சா தட்டு வெடிச்சிரும். கீழதான் வெக்கணும்."

"கீழ எட்டடிக்கு எடம்..." அவள் மனதுக்குள் தன் வீட்டைச் சுற்றி வந்தாள். "அவர்ர ஆபிஸ் அறைதான் இரிக்கி."

"ஊடு ஆர்ர பேர்ல?"

"எண்ட பேர்ல."

"அப்ப என்னத்துக்கு யோசிக்கிறீங்க?"

இத்தனை வருட வியாபாரத்தில் நான் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டதில்லை. சொன்ன ஒவ்வோர் அளவும் சரியான அளவு. எந்த மீன்காரனிடம் கொண்டுபோய்க் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். அதுதான் எனக்கு இனித்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் வீட்டிலிருக்கும் நேரமாகப் பார்த்து நானே அளவெடுக்கப் போனேன். வழக்கமாக இதற்கெல்லாம் நான் போவதில்லை. சுழல் கதிரையும் மேசையும், அவன் பெயர் எழுதிய பலகையும் ஏற்கனவே வெளியே போர்டிகோவில் கிடந்தன. நிப்றாஸ் சாரனை மடித்துக் கட்டியபடி அவற்றின் அருகில் நின்றான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். என்னைக் கண்டதும் முகம் கறுத்துவிட்டது.

"நீ என்னத்துக்கு இஞ்ச வந்த?"

"ராத்தாவ நான்தான் வரச் சொன்ன" என்றாள் ஹிமாயா உள்ளேயிருந்து.

"மூணடி காணும் எண்டு நான் சொன்னன்தானே?"

"மூணடியில முதுகு கோணிச் செத்துரும்" என்றேன். "வேணும் எண்டா வேற ஆரிட்டயும் கேட்டுப் பாருங்க."

"மாமா, நீங்களாவது சொல்லுங்களன்" என்று அவன் ஹோல் பக்கம் குரல் கொடுத்தான். போடியார் சாய்கதிரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மகள்ர ஊடு தம்பி. அவ சொன்னாச் சரி" என்றார். அந்தச் சத்தத்தைக் கேட்க நான் எத்தனை காலம் காத்திருந்தேன்! காதியாருக்கு முன்னால் எனக்காக இப்படி ஒரு சத்தம் எழும்பவில்லையே. அளவு நாடாவை எடுத்தேன்.

ஒட்டி முடித்த தொட்டியை நேராகத்தான் உள்ளே எடுக்க வேண்டும், சரிக்க முடியாது. அதனால் அறையின் பின்சுவரிலிருந்து வாசல் வழியாக வெளிமுற்றம்வரை அளந்து பார்ப்பது எங்கள் தொழில் முறை. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். நாடாவின் நுனியை நிப்றாஸிடம் நீட்டினேன். வாங்காமல் நின்றான். ஹிமாயா அவனைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டான்.

நான் நாடாப் பெட்டியோடு பின்சுவரோரம் குந்தினேன். "பின்னால போங்க" என்றேன். போனான். "இன்னும் கொஞ்சம்." கதவு நிலையைத் தாண்டினான். "இன்னும்." போர்டிகோவில் தன் கதிரையில் இடித்துக்கொண்டு, படியிறங்கி, வெறுங்காலோடு முற்றத்து மணலில் நின்றான். உச்சி வெயில். ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்தான்.

"அதிலயே நில்லுங்க" என்று ஹிமாயா வாசலில் நின்று சொன்னாள்.

நாடா விறைத்து நின்றது. நான் குனிந்து இலக்கத்தைப் படித்தேன். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் நன்றாகத் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு அவசரமில்லாமல் முதலிலிருந்து படித்தேன்.